விருந்தாளியாக இருந்துவிடாதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாமல் இருந்தது என் தப்புதான், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் அம்மாவோடு பேசினேன். அவருக்குப் பெட்டி எத்தனை கிலோ வரும் என்பதுதான் கவலை.

என் கவலை வேறு. தொண்டு அமைப்பு மூலம் தன்னார்வலராக வெளிநாடு போய், அவர்கள் பார்த்துத் தரும் குடும்பத்தோடு தங்கப்போகிறாய். "யாருக்கும் தொந்தரவு தராமல் ஒரு மூலையில் இருந்துகொள்வேன்" என்று எழுதியிருக்கிறாயே, படித்ததும் அந்தக் குடை விவகாரம்தான் ஞாபகம் வந்தது. நனைந்துகொண்டு நிற்பாய், வாய் திறந்து கேட்கமாட்டாய். முன்பின் தெரியாத குடும்பத்தில் அப்படி இருந்தால் அதை அடக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நம் வீடு இவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

முதல் மூன்று நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிடு. புதிதாக வந்தவள் எதைக் கேட்டாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதே கேள்வியை இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். காலையில் குளிக்க யார் முதலில் போவார்கள், ஒரு ஆளுக்கு எத்தனை வாளித் தண்ணீர், அழுக்குத் தண்ணீரை எங்கே கொட்டுவது, கழிப்பறைக் காகிதத்தை உள்ளேயே போடலாமா, தனிக் கூடை உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் குறுகலான குழாயில் காகிதம் அடைத்துக்கொண்டால் கஷ்டப்படப்போவது வீடு முழுவதும். இரவு வாசலை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேள். நீ வரும்வரை அந்த வீட்டுப் பெரியவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

துணி விஷயம் இன்னும் நுணுக்கமானது. பல வீடுகளில் உன் துணிகளையும் சேர்த்தே துவைத்துத் தருவார்கள், உள்ளாடையை மட்டும் நீயே துவைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கும் கூச்சம். அதனால் முதல் வாரமே சின்ன வாளி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள். உள்ளாடையை வெளிக் கொடியில் காயப்போடலாமா என்று வீட்டுப் பெண்களிடம் கேள். கூடாது என்றால் அறைக்குள் ஜன்னலோரம் கயிறு கட்டிக்கொள். ஈரம் காயாமல் உடுத்தினால் படை வரும்.

சாப்பாட்டில் முதல் தடவை கொஞ்சமாக வாங்கிக்கொள். இரண்டாம் தடவை நீயாகக் கேட்டு வாங்கினால் சமைத்தவருக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. தட்டு நிறைய வாங்கி மிச்சம் வைப்பதுதான் மனதை நோகடிக்கும். உனக்கு ஒத்துக்கொள்ளாதவற்றை இப்போதே எழுதி அமைப்புக்கு அனுப்பிவிடு. தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்கிற விஷயமில்லை அது.

தண்ணீரில் மட்டும் மரியாதை பார்க்காதே. தளதளவென்று கொதிக்க ஆரம்பித்தபின் 1 நிமிடம் கொதிக்கவிட வேண்டும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதி என்றால் 3 நிமிடம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால்தான் கூடுதல் நேரம். வயிற்றுப்போக்கு வந்து ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் கையில் இல்லாவிட்டால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதே.

செல்போன் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் எந்த நாட்டிலும் ஓடும், அந்த நாட்டுப் பிளக்குக்குப் பொருந்தும் அடாப்டர் மட்டும் போதும். கெட்டிலை எடுத்துப் போகாதே. மின்னழுத்தம் பொருந்தாமல் போகலாம், பொருந்தினாலும் பழைய வீட்டு ஒயர் அந்தச் சுமையைத் தாங்காமல் சூடேறும்.

இனி, கதவு. வேலை முடிந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் உனக்குத் தோன்றும், அதுவும் நாலைந்து வாரம் கழித்து. புது இடத்தில் முதலில் எல்லாமே அழகாகத் தெரியும், பிறகு எல்லாமே எரிச்சலூட்டும். கலாச்சார அதிர்ச்சி பற்றி 1960-இல் எழுதிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் இதைப் படிப்படியாக விவரித்திருக்கிறார். மீண்டுவருவதும் அதில் ஒரு படிதான். அந்த எரிச்சல் நாட்களிலும் தினம் அரை மணி நேரம் அடுக்களையில் போய் உட்கார். காய் நறுக்கு, பாத்திரம் துடை, எடுத்ததை இருந்த இடத்திலேயே வை. மொழி அங்கேதான் வரும். 1961-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர், பல நாடுகளில் தன் தன்னார்வலர்களைப் பயிற்சிக் காலத்தில் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவைப்பது சும்மா இல்லை. முதல் இரவு பேச்சே வராதபோது காட்ட, நம் எல்லோருடைய படத்திலும் பத்துப் பிரதி எடுத்துப் போ. மாமா தொப்பியோடு நிற்பது கட்டாயம்.

அந்த வீட்டில் யாராவது பணம் கேட்டால் கடனாகக்கூடக் கொடுக்காதே. தங்கும் செலவை அமைப்பு நேரடியாகக் குடும்பத்துக்குத் தருகிறதா, எவ்வளவு தருகிறது என்று கிளம்புமுன் தெரிந்துகொள். அது தெரியாமல் போனதால்தான் பல வீடுகளில் மனக்கசப்பே வருகிறது.

கடைசியாக ஒன்று, இதை இரண்டு தடவை படி. அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லையென்றால் முதல் நாளே கேள். அந்த வீட்டில் யாருடைய பார்வையோ கையோ சரியில்லை என்று பட்டால் மறுநாள் வரை காத்திருக்காதே, அன்றிரவே அமைப்பின் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடு. வீடு மாற்றித் தரச் சொல்வது நன்றிகெட்டதனம் இல்லை. அவருடைய எண்ணைக் காகிதத்திலும் எழுதி வை, போனில் சார்ஜ் இல்லாத நேரமும் வரும். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

போகிற நாட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்களா என்று பார். போட்டு 10 நாள் ஆனபிறகுதான் அது செல்லும். இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே போ. தேதி முடிவானதும் எழுதுடீ.

அன்புடன்,
உன் தோழி