நகைச்சுவை நாவலுக்குப் பஞ்சாயத்து எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாசகர் வட்டங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதோடு நின்றுவிட்டது. எடுத்ததை எப்படிப் பேசுவது என்பதில்தான் சிக்கல். அதிலும் மணமுறிவைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் நாவல் என்றால், பத்தாவது நிமிடத்தில் கூட்டம் பஞ்சாயத்தாகிவிடும். "தப்பு அவன் மேலயா, அவ மேலயா?" என்று யாராவது தொடங்குவார். அடுத்து சொந்தக்காரர் வீட்டுக் கதைகள் வரும். விவாகரத்தானவர் ஒருவர் அங்கே இருந்தால், அடுத்த மாதம் அவர் வரமாட்டார்.

முதல் கேள்வியை மாற்றுங்கள்: எங்கே சிரித்தீர்கள்? ஆளுக்கு ஒரு பத்தியை, அரைப் பக்கத்துக்கு மிகாமல், வீட்டிலேயே பென்சிலால் குறித்து வரட்டும். அதை வாய்விட்டு வாசித்த பிறகு பேசட்டும். கதைச்சுருக்கம் கூடவே கூடாது; படிக்காமல் வந்தவருக்காக அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாருக்கும் முறை வராது. 300 பக்க நாவல் என்றால் மூன்று வாரம் முன்பே பெயரைச் சொல்லிவிடுங்கள். நூலகப் பிரதி ஒன்றிரண்டுதான் கிடைக்கும், கைமாற வேண்டுமல்லவா?

சிரிப்பைத் தரம் பிரிக்கத் தொல்காப்பியம் போதும். நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது, உணர்ச்சிகளைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் பகுதி: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை). இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் எள்ளலில்தான் தொடங்கும். கணவனின் குறட்டையும் மாமியாரின் போன் பேச்சும் கிழிபடும். நல்ல நாவலில், போகப்போகச் சிரிப்பு கதைசொல்லியின் பேதைமை மீதே திரும்பும்: ஊருக்கே தெரிந்தது அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கும். அது எந்த அத்தியாயத்தில் திரும்புகிறது என்று தேடச் சொல்லுங்கள், விவாதம் தானாகச் சூடுபிடிக்கும். கடைசிவரை எள்ளலாகவே ஓடும் நாவல் எங்களுக்குச் சலித்துவிடுகிறது; அது வெறும் குற்றப்பத்திரிகை.

"குடும்பம் உடையறதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்பார். கேட்காத கூட்டமே இல்லை. அவரிடம் மருதக்கலியைக் கொடுங்கள்; சங்க நூலான கலித்தொகையில் ஊடலைப் பாடும் பகுதி அது. 35 பாடல்கள். பரத்தையிடம் போய்வந்த தலைவன் அளக்கும் பொய்களைத் தலைவி பிய்த்து எறிவதைப் படித்தால் சிரிப்பு வரும், உள்ளே வலிக்கவும் செய்யும். அங்கே ஊடல் பெரும்பாலும் கூடலில் முடிகிறது, இங்கே கோர்ட்டில் முடிகிறது; அந்த வேறுபாட்டையே ஒரு கூட்டத்துக்கு வைக்கலாம்.

கோர்ட் காட்சி வந்தால் சட்டச் சண்டை கிளம்பும். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, இருவரும் ஒத்துக்கொண்டாலும் ஓராண்டு பிரிந்திருந்த பிறகே மனு. அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்துக்கு நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு நாவலுக்கு இது பொருந்தாது. விளக்க வக்கீல் ஒருவரை அழைத்தால் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விட்டால் நாவலை மறந்து ஆளாளுக்குச் சொத்து வழக்கு கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட நண்பர்கள்,
மதுரை.