ஊருணித் திருப்பணி நிறைவு: தலைக்கட்டுதாரர்களுக்குக் குழுவின் அறிக்கை

ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எடுக்கும் குளமான நம் ஊருணியின் வேலை நல்லபடியாக முடிந்தது. ஐப்பசி மழையில், ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து விழுந்ததை ஊரில் இருந்தவர்கள் கண்ணாரப் பார்த்தீர்கள். வெளியூர், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய சொந்தங்களுக்காகவும் சேர்த்து, என்ன வேலை எதற்காகச் செய்தோம் என்பதை எழுதுகிறோம்.

தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் வரி, 3,000 ரூபாய். கொடுக்க இயலாத வீட்டார் ஆள் வேலையாகச் செய்து கொடுத்தார்கள்; அதையும் வரவாகவே எழுதியிருக்கிறோம். வரவு செலவு முழுவதும் ரசீது வாரியாகச் சாவடியில் ஒட்டியிருக்கிறது. எல்லாரும் சமமாகக் கொடுத்ததால் உபயதாரர் பெயர்க்கல் வைக்கவில்லை.

முதல் கூட்டத்தில் பலர் கேட்டது சுற்றுச்சுவரும் அலங்கார வளைவும்தான். தண்ணீர் வந்து சேராத ஊருணிக்கு வளைவு எதற்கு என்று வசூலில் பெரும்பங்கை வரத்துக்காலுக்கே போட்டோம். நம் சிவகங்கைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பாவிட்டால் கோடைக்குள் ஊருணி வெறும் பள்ளம்தான்.

வரத்துக்கால் முழுக்கக் காட்டுக்கருவை (சீமைக்கருவேலம்) மண்டி, இரண்டு பக்கமும் வரப்பு நெருக்கிக் கிடந்தது. மனுக் கொடுத்து, சர்வேயரை வரவழைத்து, புலப்படத்தின்படி (நில அளவை வரைபடம்) அளந்து கல் ஊன்றினோம். ஓரத்துப் பட்டாதாரர்கள் தாங்களே வரப்பை உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது. கருவையை மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும் என்பதால் ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினோம். கரிமூட்டத்துக்கு விறகை ஏலம் விட்ட பணம் அந்த வாடகையில் ஒரு பகுதிக்கு ஆயிற்று.

ஊருணியை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாமே என்று சிலருக்குக் குறை. அடியில் கிடக்கும் களிதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அதைக் கிழித்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், உவர் மேலே ஊறினாலும் ஊறும். மண்வெட்டி இலையில் வழவழப்பாக, கருநீலம் பாய்ந்த களி ஒட்டியதும் பெரியவர் ஒருவர் அதை விரலால் வழித்து உருட்டிப் பார்த்தார். “இதோட நிப்பாட்டுப்பா” என்றார். அந்த மட்டத்தோடு நிறுத்தினோம். அள்ளிய வண்டலை விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியோடு வயலுக்கு ஓட்டிக்கொண்டார்கள். மண்ணுக்கு விலை இல்லை, டிராக்டர் வாடகை அவரவர் பொறுப்பு. வண்டல் எடுக்க அனுமதி தரும் அதிகாரம் 2024-இல் வட்டாட்சியருக்கே வந்துவிட்டதால் அலைச்சல் குறைந்தது.

வரத்துக்கால் வந்து சேரும் வாயில் மண் படிவதற்கு ஒரு தொட்டி கட்டியிருக்கிறோம். தென்கரைப் படித்துறையில் சரிந்த செம்புராங்கற்களை எடுத்து மறுபடி அடுக்கியாயிற்று. வடகரைப் படி பாக்கி.

வீட்டுக்கு வீடு குழாய் இருக்கும்போது ஊருணிக்கு ஏன் செலவு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கணக்கு. குளிக்க, துவைக்க அது பேருதவி. ஆனால் நம் ஊர் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. உலைக்கு ஊருணித் தண்ணீரைத்தான் பெண்கள் தேடுகிறார்கள். இந்த வேலையைத் தொடங்கச் சொல்லி முதலில் குரல் கொடுத்ததும் அவர்கள்தான். குடிப்பதற்கு வடிகட்டிக் காய்ச்சியே பயன்படுத்துங்கள்.

படித்துறையில் கால் கழுவுவது, துவைப்பது, பாத்திரம் துலக்குவது கூடாது. மாடு குளிப்பாட்டக் கண்மாய் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மீதித் தொகையை வடகரைப் படிக்கு எடுக்கவில்லை. ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்பாக, வரத்துக்காலைச் சுத்தம் செய்ய அது வங்கியில் இருக்கும். வடகரைக்குத் தனியாக வசூல் செய்வதா என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும். வரத்துக்காலை ஊராட்சிப் பராமரிப்பில் சேர்க்கக் கோரி ஜனவரி 26 கிராமசபையில் தீர்மானம் கொண்டுவருகிறோம். தலைக்கட்டுக்கு ஒருவராவது வந்து கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
ஊருணித் திருப்பணிக் குழு