மெஷின் எழுதிய கடிதங்கள்

மாப்ளே,

நலம். இங்கே வாடைக்காற்று பிடித்துவிட்டது. வடகடலில் இறங்க முடியாமல் நம்ம ஆட்கள் தென்கடல் பக்கம் தொழிலுக்குப் போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வேதாளையில் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி இப்போது தேவலையாம். நீ பொங்கலுக்கு வருகிறாயா என்று மூன்று தடவை கேட்டார்கள், என்ன சொல்வது என்று எழுது.

அப்புறம், டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் மெயில் சர்வர் எதற்கு, மெயிலை வாங்கி அனுப்புகிற எக்ஸிமைத் தூக்கிப்போடு என்று எழுதியிருந்தாயே, அதற்கு உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. நண்டு கம்பெனி கணக்கு மெஷினின் ஹார்ட் டிஸ்க் நவம்பர் கடைசியில் படுத்துவிட்டது.

அந்த மெஷினில் 2015-ல் டெபியன் லினக்ஸ் 8 போட்டு, பதிப்பு மாற்றி மாற்றி ஓட்டி வந்தேன் என்பது உனக்குத் தெரியும். அப்போது எக்ஸிம் நாம் கேட்காமலேயே கூட வந்தது. வெளியிலிருந்து யாருக்கும் கதவு திறக்காமல், மெஷினுக்குள் மட்டும் மெயிலை வாங்கி வைக்கிற அமைப்பில் இருந்தது. தினமும் ராத்திரி 9 மணிக்குக் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுகிற நிரல்) வழியாக ஆர்சிங்க் என்ற பிரதி நிரல் ஓடி, கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கும். எடுக்கிறது என்றுதான் நம்பியிருந்தேன்.

டிஸ்க் போன அன்று, வேறு மெஷினில் மாட்டி ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்துகொண்டிருந்தபோது, வார் ஃபோல்டருக்குள் மெயில், அதற்குள் மெயில் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு. ரூட்டுக்கு, அதாவது மெஷினின் நிர்வாகிப் பயனருக்கு, வருகிற கடிதத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லிவைக்காவிட்டால், டெபியனில் எக்ஸிம் அதை அந்தக் கோப்பில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். திறந்தேன். அக்டோபர் 7-ம் தேதி, டிஸ்க்கின் உடல்நிலையைக் கவனிக்கிற ஸ்மார்ட்டி எழுதிய கடிதம்: படிக்க முடியாத செக்டர்கள் 8. ஒன்பதாம் தேதி ராத்திரி கிரான் எழுதியது: கணக்குத் தரவுக் கோப்பைப் படிக்கும்போது இன்புட் அவுட்புட் எரர், பிரதி கைவிடப்பட்டது. பத்தாம் தேதியும் அதே. பதினொன்றும் அதே. இப்படி நாற்பதுக்கும் மேல் கடிதங்கள், ஒவ்வொன்றிலும் தேதியும் மணியும் சரியாகப் போட்டு, ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல். பழைய பதிவுகள் இருந்த இடம் கெட்டிருக்கிறது, நான் அன்றன்றைய எடையையும் முன்பணத்தையும் போட்டுக்கொண்டே இருந்ததால் மேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தும் நான் அந்தத் திசையில் தலை திருப்பாத கதைதான். மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது மாப்ளே.

ஆனால் அந்தக் கடிதங்கள்தான் காப்பாற்றின. கோப்பைச் சரியாகப் படிக்க முடியாதபோது ஆர்சிங்க் பழைய பிரதியின் மேல் கை வைக்காது. அதனால் வெளி டிஸ்க்கில் அக்டோபர் 8 வரைக்கும் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று அந்தத் தேதிகளைப் பார்த்துத்தான் உறுதியாகத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு உள்ளதைத் துண்டுச்சீட்டுகளை வைத்து நானும் தம்பியும் எட்டு நாள் உட்கார்ந்து ஏற்றினோம். நண்டு உடைக்கிற பெண்கள் ஒருவர் கூலியிலும் ஒரு ரூபாய் குறையவில்லை.

நீ சொல்கிற பக்கமும் எனக்குப் புரிகிறது. ஒரே மெஷினில் பல பேர் உட்கார்ந்து வேலை பார்த்த காலத்தில், பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய மெயில் சர்வர் சென்ட்மெயில். 1988-ல் மாரிஸ் புழு என்ற தீங்கு நிரல் பரவியபோது அது நுழைந்த வழிகளில் சென்ட்மெயிலும் ஒன்று. கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் எழுதிய எக்ஸிமிலும் 2019-ல் பெரிய ஓட்டை வந்தது. ஃபெடோரா லினக்ஸ் 2013-லேயே, 20-ம் பதிப்பில், சென்ட்மெயிலை இயல்பாக நிறுவுவதை விட்டுவிட்டது. வீட்டு மெஷினில் கதவு திறந்த மெயில் சர்வர் வேண்டாம் என்பதில் எனக்கும் உனக்கும் சண்டையே இல்லை.

ஆனால் உன் உபுண்டு லினக்ஸில் என்ன நடக்கிறது என்று பார்த்தாயா? டெஸ்க்டாப் பதிப்பில் மெயில் சர்வர் எதுவும் கிடையாது. கிரான் வேலை ஏதாவது எரர் சொன்னால், லாகில், அதாவது மெஷினின் நடப்புப் பதிவேட்டில், ஒரே ஒரு வரி விழும்: "நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்". மெயில் கொண்டுபோக ஆள் இல்லை, அதனால் சொல்ல வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று அர்த்தம். எனக்காவது படிக்காத கடிதம் மிஞ்சியது. உனக்கு எரர் வந்தது தெரியும், என்ன எரர் என்று தெரியாது. எல்லா ஊரிலும் இப்படி இல்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 14-ம் பதிப்பில் சென்ட்மெயிலை இயல்பான இடத்திலிருந்து எடுத்தார்கள், ஆனால் இடத்தைக் காலியாக விடாமல் டிஎம்ஏ என்ற சின்னதை வைத்தார்கள். வெளியிலிருந்து எதையும் வாங்காது, உள்ளிருந்து வருவதை அனுப்பும், அவ்வளவுதான். டெஸ்க்டாப்புக்கு அதுதான் சரியான அளவு என்று எனக்குப் படுகிறது.

இப்போது புது டிஸ்க்கில் என்ன செய்தேன் என்றால், எக்ஸிமை மறுபடி அமைக்கும்போது ஸ்மார்ட்ஹோஸ்ட், அதாவது வெளியே உள்ள இன்னொரு மெயில் சர்வர், வழியாக அனுப்பு என்று கொடுத்தேன், போர்ட் 587. நேராக 25-ல் அனுப்பினால் வீட்டு இணைப்பு எண்ணிலிருந்து வருகிற மெயிலைப் பெரிய இடங்கள் வாங்குவதில்லை. ஜிமெயிலை அப்படி வைத்தால் உன் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு ஆப் பாஸ்வேர்டு தனியாக எடுக்க வேண்டும். அப்புறம் அலையாசஸ் கோப்பில் ரூட்டுக்கு வருவது என் முகவரிக்குப் போகட்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

மெயிலை அனுப்ப மட்டும் செய்கிற எம்எஸ்எம்டிபி இதைவிட லேசு என்று நீ சொல்லலாம். உண்மைதான், கோயம்புத்தூரில் உனக்கு அது போதும். ஆனால் அதற்கு வரிசை கிடையாது, அனுப்புகிற நேரத்தில் நெட் இல்லை என்றால் கடிதம் போச்சு. இங்கே காற்று மழை என்றால் மண்டபத்தில் ஒரு நாள் முழுக்க நெட் இருக்காது. எக்ஸிம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். போன வியாழக்கிழமை மழையில் அப்படித்தான், ராத்திரி ஒன்பது மணிக் கடிதம் மறுநாள் மத்தியானம் என் போனுக்கு வந்து சேர்ந்தது. வெளி டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எழுதியிருந்தது. சாயங்காலமே போய்ப் பழைய பிரதிகளை எடுத்து இடம் பண்ணினேன்.

இன்று ராத்திரி உன் லாகில் அந்த "டிஸ்கார்டிங்" வரியைத் தேடு. எத்தனை தடவை விழுந்திருக்கிறது என்று எண்ணி எழுது. பாப்பா போட்டோவெல்லாம் அந்த மெஷினில்தானே வைத்திருக்கிறாய்.

அம்மா உனக்காகக் கருவாடு கட்டி வைத்திருக்கிறார்கள். வரவில்லை என்றால் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே
மண்டபம்