அண்ணனை அம்போன்னு விட்டுட்டீங்களே சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஏசி/டிசி பேண்ட் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், தமிழ்ல ஒரு ஹார்ட் ராக் பேண்டுக்கு இவ்ளோ பக்கம் ஒதுக்குறதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா சார், பூரா பக்கமும் லீட் கிட்டார் வாசிக்கிற ஆங்கஸ் யங், ஆங்கஸோட ஸ்கூல் யூனிஃபார்ம், ஆங்கஸோட டான்ஸ், ஆங்கஸோட சோலோ, ரிதம் கிட்டார் வாசிச்ச அவரோட அண்ணன் மால்கம் யங் பேரு மொத்தமே ரெண்டு எடத்துலதான் வருது, அதுலயும் ஒண்ணு அவரு செத்துப்போன செய்தி. "ஆங்கஸ் தன் அண்ணனோட சேர்ந்து ஆரம்பித்த பேண்ட்"னு வேற எழுதியிருக்காரு உங்க கட்டுரையாளர். அது தலைகீழ். 1973 கடைசில சிட்னில பேண்ட ஆரம்பிச்சது மால்கம், தம்பிய கூப்ட்டு சேத்துக்கிட்டதும் மால்கம். அப்ப அவருக்கு வயசு இருவது, தம்பிக்கு பதினெட்டு.

அந்த வீட்டு கதைய கொஞ்சம் சொன்னாதான் இது புரியும். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோல இருந்து 1963ல ஆஸ்திரேலியாவுக்கு கெளம்பி வந்த குடும்பம், எட்டு புள்ளைங்க, அதுல மூத்த அண்ணன் ஒருத்தரு ஜார்ஜ் யங். இவரு ஈஸிபீட்ஸ் பேண்ட்ல இருந்து 1966லயே உலகம் பூரா ஹிட் குடுத்தவரு, ஆனா அந்த பேண்ட் கலைஞ்சப்ப கைல காசு நிக்கல, கடன்தான் நின்னுச்சு. அடிபட்ட ஆளு இல்லையா, அதனால தம்பிங்க விஷயத்துல ரொம்ப உஷாரா இருந்தாரு, அவரும் அவரு கூட்டாளி ஹாரி வாண்டாவும்தான் 1978 வரைக்கும் எல்லா ஸ்டூடியோ ஆல்பத்துக்கும் புரொடியூசர். முதல் ஆல்பத்துல நெறைய எடத்துல பேஸ் கிட்டார் வாசிச்சதும் ஜார்ஜ்தான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு நம்ம ஊர்ல சொல்வாங்க, இங்க கணக்கே வேற, தம்பிங்க ரெண்டு பேரும் அண்ணன நம்பி இறங்குனாங்க. அக்கா மார்கரெட்ட மட்டும் கட்டுரைல விடாம சொல்லியிருந்தீங்க, தையல் மெஷின்ல பாத்த ஏசி/டிசிங்கற எழுத்த பேண்டுக்கு பேரா வெக்க சொன்னதும் ஸ்கூல் யூனிஃபார்ம் ஐடியாவும் அவங்களோடது, அது சந்தோஷம். (மால்கம் அதுக்கு முன்னாடி ஒரு உள்ளாடை ஃபேக்டரில தையல் மெஷின் மெக்கானிக்கா வேல பாத்தவரு, அதையும் சேத்து போட்டிருக்கலாம்.)

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நான் கல்யாண ஆர்கெஸ்ட்ராவுல ரிதம் கிட்டார் வாசிக்கிற ஆளு, அதனால இதுல எனக்கு கொஞ்சம் சொந்த கடுப்பும் இருக்குன்னே வெச்சுக்கோங்க. ரிதம் கிட்டார்னா கார்டு, அதாவது பல கம்பிய ஒண்ணா சேத்து அடிச்சு பாட்டுக்கு தாளம் குடுக்குறது, ஆனா சோலோ (தனியா முன்னாடி வந்து வாசிக்கிற மெட்டு) வாசிக்க தெரியாதவன் வாசிக்கிறதுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. மால்கமும் ஆரம்பத்துல சோலோ வாசிச்சவருதான், முதல் ஆல்பத்துலயே அண்ணனும் தம்பியும் மாத்தி மாத்தி சோலோ வாசிச்சிருக்காங்க. தம்பி தன்ன விட நல்லா வாசிக்கிறான்னு பாத்து அந்த எடத்த அவனுக்கே விட்டுட்டு, இவரு பின்னாடி போயிட்டாரு. அதுவும் நெஜமாவே பின்னாடி. பழைய கான்சர்ட் வீடியோ எதையாவது போட்டு பாருங்க, முன்னாடி ஆங்கஸ் உருண்டு பொரண்டு சட்டைய கழட்டி ஓடிட்டு இருப்பாரு, மால்கம் ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்குற பெட்டி) பக்கத்துல, டிரம்ஸ ஒட்டி, ஒரு கால ஆட்டிக்கிட்டு நின்னுட்டு இருப்பாரு, கோரஸ் வரும்போது மட்டும் அவரும் பேஸ் வாசிக்கிற கிளிஃப் வில்லியம்ஸும் நாலு எட்டு முன்னாடி வந்து மைக்ல பாடுவாங்க, பாடி முடிச்ச அடுத்த செகண்ட் ரெண்டு பேரும் பழைய எடத்துக்கே போயிடுவாங்க. முப்பது வருஷத்துக்கு மேல இதே வேல.

அவரு கிட்டாரையும் பாக்கணும். பழைய க்ரெட்ச் கிட்டார், செகப்பு பெயிண்ட சொரண்டி எடுத்து வெறும் மரமா வெச்சிருப்பாரு, கம்பி முடியுற பிரிட்ஜுக்கிட்ட இருக்குற ஒரே ஒரு பிக்கப் (கம்பி அதிர்வ பிடிக்கிற காந்தம்) மட்டும்தான் மிச்சம், மத்தத பேத்து எடுத்த ஓட்டை அப்படியே தெரியும். கம்பி நல்லா தடிப்பம், சோலோ வாசிக்கிறவங்க அத வளைக்கவே யோசிப்பாங்க. ஹார்ட் ராக்னாலே ஆம்ப்ல டிஸ்டார்ஷன ஏத்திவிட்டு கரகரன்னு அடிக்கிறதுன்னு நெனப்போம்ல, இவரு நேர் எதிர், கரகரப்ப கொறச்சு வெச்சுட்டு கையோட பலத்துல அடிப்பாரு, அதனாலதான் அந்த கார்டுல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்குது. 1980ல வந்த பேக் இன் பிளாக் ஆல்பத்தோட டைட்டில் பாட்ட எடுத்துக்கோங்க, ஈ கார்டு ஒரு அடி, உடனே கைய வெச்சு அமுக்கி நிறுத்திடுவாங்க, டிரம்ஸ்ல ஹைஹேட் தட்டு மட்டும் ஓடும், அப்புறம் டி, மறுபடி காலி, அப்புறம் ஏ. மூணே கார்டு, கத்துக்க பத்து நிமிஷம் போதும், ஆனா அந்த காலி எடத்துல எவ்ளோ நேரம் சும்மா இருக்கணும்ங்கறதுல நாங்க எல்லாரும் மாட்டிக்கிட்டு முழிப்போம், ஆர்வக்கோளாறுல அர மாத்திர முன்னாடியே கை எறங்கிடும். அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு) மால்கம் கொண்டுவந்ததுன்னு ஆங்கஸே பேட்டில சொல்லியிருக்காரு.

அந்த ஆல்பம் வந்த சூழ்நிலைய நீங்க நல்லாவே எழுதியிருந்தீங்க, அதனால சுருக்கமா சொல்றேன். 1980 பிப்ரவரி 19 பாடகர் பான் ஸ்காட் லண்டன்ல எறந்துபோனாரு, ஜூலை 25க்கு புது பாடகர் பிரையன் ஜான்சனோட ஆல்பம் கடைக்கு வந்துருச்சு, நடுவுல பஹாமாஸ்ல போய் ரெக்கார்டிங்கும் முடிஞ்சிருச்சு. அஞ்சே மாசம். உலகத்துல அதிகமா வித்த ஆல்பங்கள்ல அது ஒண்ணு, 5 கோடி காப்பிங்கறாங்க. ஆனா பான் போன பிறகு இடிஞ்சு உக்காந்திருந்த தம்பிக்கு போன் பண்ணி, சும்மா இருக்கறதுக்கு வா பாட்டு வேலைய பாப்போம்னு கூப்ட்டது யாருன்னு எழுதல, அதுவும் மால்கம்தான்.

அவரு ஒண்ணும் உத்தமரு இல்ல, அதையும் சொல்லிடுறேன். குடி ஜாஸ்தி. 1988 டூர்ல பாதில எறங்கி போயி குடிய விட்டுட்டுதான் திரும்பி வந்தாரு. பேண்ட்ல யாரு இருக்கணும் யாரு வெளிய போகணும்ங்கறதுல ரொம்ப கறாரு, அதுல மனசு ஒடஞ்சவங்களும் உண்டு. எண்பதுகள் நடுவுல வந்த ரெண்டு மூணு ஆல்பம் எனக்கே சலிப்பா இருக்கும், ஒரே மாதிரி பாட்டுன்னு சொல்றவங்க கிட்ட அந்த வருஷங்களுக்கு மட்டும் நான் சண்டைக்கு போக மாட்டேன்.

ஆனா கடைசி டூர் பத்தி ஒரு வரி கூட இல்லாததுதான் எனக்கு ரொம்ப வருத்தம். 2008ல பிளாக் ஐஸ் ஆல்பம் வந்துச்சு, அதுக்கப்புறம் 2010 வரைக்கும் உலகம் சுத்தி வாசிச்சாங்க, அப்பவே மால்கமுக்கு ஞாபக மறதி ஆரம்பிச்சிருச்சு. தானே போட்ட ரிஃப, வருஷக்கணக்கா வாசிச்ச பாட்ட, மேடை ஏறுறதுக்கு முன்னாடி உக்காந்து திரும்ப கத்துக்கிட்டு போய் வாசிச்சாருன்னு ஆங்கஸ் பின்னாடி சொன்னாரு. ஸ்டேடியம் நெறைய நின்ன கூட்டத்துல எத்தன பேருக்கு அது தெரிஞ்சிருக்கும் சொல்லுங்க. 2014ல டிமென்ஷியான்னு அறிவிச்சாங்க, 2017 அக்டோபர்ல ஜார்ஜ் போனாரு, ஒரு மாசம் கூட ஆகல, நவம்பர் 18 மால்கமும் போயிட்டாரு, வயசு 64. 2020ல வந்த பவர் அப் ஆல்பத்துல இருக்குற அத்தன பாட்டுக்கும் ஆங்கஸ் யங், மால்கம் யங்னு ரெண்டு பேரு பேருலதான் கிரெடிட், அண்ணனும் தம்பியும் சேத்து வெச்சிருந்த ஐடியாக்கள எடுத்து செஞ்ச ஆல்பம் அது. தம்பிக்கே அண்ணன விட மனசு வரல, நீங்க ஆறு வார்த்தைல முடிச்சுட்டீங்க.

இன்னொரு சின்ன திருத்தம். இப்ப மால்கம் எடத்துல வாசிக்கிற ஸ்டீவி யங்க "குடும்பத்தின் இளம் ரத்தம்"னு போட்டிருக்கீங்க. அவரு மூத்த அண்ணன் ஸ்டீஃபனோட பையன், உறவுமுறைல ஆங்கஸ் அவருக்கு சித்தப்பா, அதெல்லாம் சரி, ஆனா பொறந்தது 1956ல சார், சித்தப்பாவ விட ரெண்டு வயசு கூட சின்னவரு இல்ல. 1988ல மால்கம் எறங்குனப்ப வந்து வாசிச்சதும் அவருதான். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டா இதையும் சேத்து போட்டுடுங்க, கூடவே மால்கம் க்ரெட்ச் கிட்டாரோட நிக்கிற படம் ஒண்ணு, கொஞ்சம் பெருசா.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்