ஏற்காட்டு மலைப்பாதையில் எங்கள் அம்பாசிடருக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கோடை விழாச் சமயத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் வழியில், பாதி மலையில் புகை கக்கிக்கொண்டு ஓரமாக நின்ற கிரீம் கலர் மார்க் 2 அம்பாசிடர் எங்களுடையது. பெரியப்பா வாங்கி ஓட்டிய வண்டி. குடும்பத்தோடு கரூரிலிருந்து கிளம்பி வந்திருந்தோம். அன்று உதவியவர்களில் பல பேருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லக்கூட நேரம் வாய்க்கவில்லை. இந்த மடல் எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டால் போதும்.

முதல் நன்றி, எங்களுக்குப் பின்னால் ஏறி வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் அண்ணனுக்கு. ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு எங்கள் வண்டியின் அடியிலிருந்து வருவதைப் பார்த்துவிட்டு, லைட் அடித்து, வளைவு முடிந்து கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் எங்களை நிறுத்த வைத்தீர்கள். பானெட்டைத் திறந்ததும் குப்பென்று புகை. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். நீங்கள் அவர் கையைப் பிடித்து, "ஊத்திடாதீங்க! மேனிபோல்டு கொதிச்சுக் கிடக்குது, விரிசல் விட்டுரும். ஆயில் சைலன்சர் பைப்புல சொட்டுது, அவ்வளவுதான். தானா அடங்கும்" என்றீர்கள். எஞ்சின் புகையைச் சைலன்சர் பைப்புக்குக் கொண்டுபோகும் அந்த வார்ப்பிரும்பு மேனிபோல்டு பிளந்திருந்தால் அப்புறம் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை, வண்டி லாரியில்தான் ஊர் திரும்பியிருக்கும். பஸ் நிறையப் பயணிகள் இருந்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கண்டக்டர் அண்ணன் அவர் போனிலிருந்தே அடிவாரத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எத்தனையாவது வளைவு, என்ன மாடல், எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்றெல்லாம் சொன்ன பிறகுதான் விசில் கொடுத்தார்.

அடுத்தது ரோடு. நாங்கள் வண்டியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ரோட்டைப் பற்றி யோசித்தவர்கள் நீங்கள்தான். பைக்கில் வந்த கல்லூரித் தம்பிகள் மேலும் கீழும் ஆளுக்கொரு வளைவில் நின்று, டூவீலர்காரர்களை மெதுவாக வரச்சொல்லிக் கை காட்டினார்கள். அப்புறம் எஸ்டேட் பிக்கப்பில் வந்த அக்காமார்கள். வண்டியில் சில்வர் ஓக் மரத்தூள் மூட்டை கிடந்தது எங்கள் நல்ல நேரம். கேட்கக்கூட இல்லை, நீங்களே இறக்கினீர்கள். ஆயில் மேல் தூளைக் கொட்டி, காலால் தேய்த்து, ஊறியதும் பெருக்கித் தள்ளிவிட்டு, மறுபடியும் ஒரு முறை போட்டீர்கள். ஒரு தடவை போட்டதே போதாதா என்று என் தம்பி கேட்டதற்கு, "முதல்ல போட்டது ஆயிலைக் குடிக்கும் கண்ணு, ரெண்டாவது போட்டாத்தான் டயருக்குப் பிடிக்கும்" என்று பெரிய அக்கா சொன்னது இன்னமும் வீட்டில் பேச்சு. இருபது கொண்டை ஊசி வளைவுள்ள பாதை, விழாக் கூட்டம், வண்டிக்குப் பின்னால் வண்டி. ஒருவர்கூட வழுக்கி விழவில்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய நிம்மதி. (தட்டுவடை செட் பொட்டலத்தைத் தூக்கிப்போன குரங்குக்கு மட்டும் நன்றி கிடையாது.)

இப்போது மெக்கானிக் அண்ணனுக்கு வருகிறேன். டிவிஎஸ் 50-இல் ஸ்பேனர் பையும் ஆயில் டின்னும் கட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி வந்தீர்கள். வந்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் பனியன் வேஸ்ட்டால் எஞ்சினை ஒரு பக்கம் முழுக்கத் துடைத்தீர்கள். சூடு இறங்கியதும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, குறைந்த அளவுக்கு ஆயில் ஊற்றினீர்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் துளையின் மேல் சும்மா வைத்தீர்கள். மூடி படபடவென்று குதித்தது. "பாத்தீங்களா, பேக்கிங் மேல தப்பு இல்லைங்க. உள்ள காத்து அடைச்சுக்கிட்டு, வெளிய போக வழியில்லாம ஆயிலைத் தள்ளுது. புதுப் பேக்கிங் போட்டாலும் நிக்காது."

நாங்கள் அதுவரை பார்த்தவர்கள் எல்லோரும், ஆயில் கசியாமல் மூடி இடுக்கில் வைக்கும் அந்தப் பேக்கிங்கைத்தான் மாற்றினார்கள். அதனால் நீங்கள் சொன்னதை இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன். இந்த 1489 சிசி எஞ்சின், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் கார் வழியாக அம்பாசிடருக்கு வந்த, பிஎம்சி கம்பெனியின் பழைய வடிவமைப்பு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது வெளியேற இரண்டு வழி: எஞ்சினின் மேல் மூடியிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் சின்ன ஹோஸ், பக்கவாட்டு மூடியிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாய். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இப்போதைய வண்டிகள் போல ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டிலேயே வெட்டிய மரை ஒன்று ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால் அந்த மரையால் தாக்குப்பிடிக்க முடியாது. மேட்டில் ஏறும்போது, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரில் இருக்கும் ஆயிலும் பின்பக்கமாகச் சாய்ந்து சேர்ந்துவிடும். சமவெளியில் சொட்டுச் சொட்டாகப் போனது மலையில் கோடாக ஒழுகியதற்கு அதுதான் காரணம்.

எங்கள் வண்டியில் இரண்டு வழியும் அடைபட்டிருந்தது. ஏர் கிளீனர் மாற்றிய ஒரு பட்டறையில் அந்தச் சின்ன ஹோஸை எடுத்துவிட்டு, துளையில் ரப்பரை வைத்து அடைத்திருக்கிறார்கள். அதோடு நிற்காமல், பக்க மூடியின் ஒற்றை போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கித் தகரத்தையே வளைத்துவிட்டிருக்கிறார்கள். பெயர் எதற்கு, விடுங்கள். பிரீதர் குழாயில் நீங்கள் பழைய பிரேக் கேபிளை விட்டுக் குடைந்தபோது முதலில் கறுப்புக் களிம்பு வந்தது, பின்னாலேயே காய்ந்த மண்கட்டி ஒன்று. குளவிக் கூடு! ஷெட்டில் சும்மா நின்ற காலத்தில் கட்டியிருக்கிறது. எங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இறங்கும்போதும் விடவில்லை நீங்கள். இரண்டாவது கியரிலேயே இறங்கச் சொல்லிவிட்டு, டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு வளைவிலும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினீர்கள்.

சேலத்தில் ஸ்பேர் கடை வைத்திருக்கும் பெரியவருக்கும் நன்றி. கடை அடைக்கிற நேரம். மெக்கானிக் அண்ணன் போனில் சொன்னதற்காகத் திரும்பவும் ஷட்டரைத் தூக்கி, மேல் ரேக்கில் பழைய ஸ்டாக்கைக் கிளறி, பக்க மூடிக்கு இரண்டு கார்க் பேக்கிங் எடுத்துக் கொடுத்தீர்கள், அட்டையில் அச்சடித்திருந்த பழைய விலைக்கே. காய்ந்து மொறமொறவென்று இருந்ததைப் பார்த்து நாங்கள் தயங்கினோம். "வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வைங்க, பதமாயிடும்" என்றீர்கள். ஆனது.

மெக்கானிக் அண்ணா, அன்று இரவு உங்கள் பட்டறையில் நீங்கள் அந்த வளைந்த மூடியைப் பலகையில் கவிழ்த்து வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டி நேராக்கியதை நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். போல்ட்டைக் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரில் அரைச் சுற்று மட்டும். "கார்க் அமுங்கணும், பிதுங்கக் கூடாது" என்று சொன்னீர்கள். அடுத்த முறை எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதை நாங்களே சொல்லிக்கொள்வோம். டீக்கடை அண்ணன் கணக்கே பார்க்காமல் கொடுத்த டீயையும் மறக்கவில்லை.

மறுநாள் ஒண்டிக்கடை வரை வண்டி ஜம்மென்று ஏறியது. ஏரியையும் சேர்வராயன் கோயிலையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம். மெக்கானிக் அண்ணா, கரூர் வந்து சேர்ந்ததும் டிப் ஸ்டிக்கைப் பார்த்தோம், மேல் கோட்டில் அப்படியே நிற்கிறது. பின்முனையில் மட்டும் ராத்திரி நிறுத்தினால் காலையில் ஓரிரு சொட்டு கிடக்கிறது. அது இந்த எஞ்சினோடு பிறந்தது, அதற்காக யாரையும் கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தீர்கள். நாங்களும் கீழே ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம்.

அன்புடன்,
கரூரிலிருந்து அம்பாசிடர் குடும்பத்தார்