ஞாயிறு காலை: குட்டம் தேரியில் ஓணான் கணக்கெடுப்பு

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு குட்டம் தேரியில், அதாவது அங்குள்ள செம்மணல் மேடுகளில், விசிறித்தொண்டை ஓணான்களை எண்ணப் போகிறோம். விடியற்காலையிலேயே வர வேண்டாம், 8 மணிக்கு வந்தால் போதும். மணல் சூடேறிய பிறகுதான் அவை வெளியே வரும்.

பார்த்தது குஞ்சா பெரியதா என்பதையும் எழுதுங்கள். ஏன் என்றால், பசிபிக் பெருங்கடலின் காலாபகஸ் தீவுக்கூட்டத்தில் இளஞ்சிவப்பு இகுவானா என்ற பெரிய ஓணான் வகை ஒரே ஓர் எரிமலையில்தான் வாழ்கிறது. 2021இல் அங்கே ஏறிக் கணக்கெடுத்தவர்கள் மொத்தம் 211 இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் ஒரு குஞ்சுகூட அவர்கள் கண்ணில் படவில்லை. எனக்குப் பதறியது அதைப் படித்துத்தான். வெளியிலிருந்து வந்து காட்டில் திரியும் பூனைகள் குஞ்சுகளைத் தின்றுவிடுகின்றன என்கிறார்கள். பெரியவற்றை மட்டும் எண்ணினால் இந்த ஆபத்து தெரியவே தெரியாது.

இருவர் இருவராக ஒரே தடத்தில் மெதுவாக நடக்க வேண்டும். உடைமர நிழலையும் பாருங்கள். ஆண் மேட்டில் ஏறித் தொண்டையை விரித்தால் அசையாமல் நில்லுங்கள், நன்றாகப் பார்க்கலாம். ஓணான் பிடிக்கும் ஈர்க்குச் சுருக்கு, கல் எதுவும் கூடாது; பிள்ளைகளிடம் முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள். ஒன்றும் தென்படாத தடத்துக்குக் கட்டாயம் சைபர் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஒப்பிட வழியில்லை.

தண்ணீர், தொப்பி அவசியம். வருகிறவர்கள் சனி மாலைக்குள் இங்கே பெயர் போடுங்கள்.