மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு நஞ்சு தெளிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில், நிழலுக்காக நடப்பட்ட இளம் அல்பீசியா கன்றுகளில் கூட்டமாகக் காணப்பட்ட பச்சைப் புழுக்களைக் கம்பளிப்பூச்சிகள் என எண்ணிப் பூச்சிகொல்லி தெளித்திருப்பது மிகுந்த வேதனை தருகிறது. அவை மூன்று புள்ளி மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். அரிப்பை உண்டாக்கும் சுணை அவற்றுக்கில்லை.

பெரும்பாலான மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டைகளைத் தனித்தனியாக இட, இவ்வினம் இருமுனையும் கூம்பிய நீண்ட வெண்ணிற முட்டைகளைக் கூட்டமாக இடுகிறது. ஆதலால் கரிய தலையும் பச்சை உடலும் கொண்ட புழுக்கள் ஒன்றாகவே இலைகளைத் தின்று வளர்ந்து, அருகருகே கூட்டுப்புழுக்களாகத் தொங்குகின்றன. வெளிவருவதற்குச் சற்று முன்னர் கூட்டின் மெல்லிய தோலினூடே இறகின் மஞ்சள் நிறம் தெளிவாகத் தெரியும். இதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். வளர்ந்த பூச்சியின் இறகோரம் கறுப்பு; முன்னிறகின் அடிப்புறத்திலுள்ள மூன்று சிறு குறிகளே இதன் அடையாளம்.

இலை இழந்த அல்பீசியா பொதுவாக மீண்டும் துளிர்க்கும். எனவே தோட்ட நிர்வாகங்கள் தெளிப்பதற்கு முன்னர் புழுவின் இனத்தை உறுதிசெய்யுமாறு தொழிலாளருக்கு அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பசறை.